‘சபியாதிருங்கள்’ என்று எழுதிய பவுலே கலாத்தியர் 1இல் சபிப்பது ஏன்?

கேள்வி: தாமிரபரணிக்கரை

எங்கள் தெருப் பெண்கள் கூடும் வேத ஆராய்ச்சியை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. பவுலின் கடிதங்களில் ரோமரை முடித்துவிட்டுக் கலாத்தியரைத் தொடங்கினோம். முதல் அதிகாரத்திலேயே நின்றுவிட்டோம்.

ரோமர் 12:14 “ஆசீர்வதிக்கவேண்டியதேயன்றி சபியாதிருங்கள்” என்கிறது. கலாத்தியர் 1:8இல் அதே பவுல், வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கிறவன் “சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன்” என்கிறார். அது போதாதென்று 9ஆம் வசனத்தில் இன்னொரு தடவையும் சொல்கிறார். 1 கொரிந்தியரின் கடைசியிலும் இதே வார்த்தை வருகிறது. யாக்கோபு 3:10, துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படலாகாது என்கிறது. அப்படியானால் பவுலின் வாயை எதில் சேர்ப்பது?

இதைப் பாடத்துக்காக மட்டும் கேட்கவில்லை. குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். குடும்பத்தோடு ஒரு சபையை விட்டு வேறு சபைக்குப் போனார். பழைய சபையின் ஊழியர், “உங்கள் வீட்டின் மேல் சாபம் இறங்கும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருக்குப் பயம்தான். கலாத்தியர் 1:8ஐ நான் சத்தமாக வாசித்தபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

ஆறுதல் வசனங்கள் எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் சாபத்தையும் ஆசீர்வாதத்தையும் எப்படிக் கையாண்டார்கள்? அந்தக் கடிதத்தை முதலில் கேட்டவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜோயல்_நெல்லை

அக்கா, பவுலும் மனுஷன்தான். கலாத்தியரை எழுதும்போது அவருக்குக் கடும் கோபம். 5:12இல் “தறிப்புண்டு போனால் நலமாயிருக்கும்” என்கிறாரே, விருத்தசேதனம் செய்யச் சொல்கிறவர்கள் முழுதாகவே வெட்டிக்கொள்ளட்டும் என்பதுதானே அதன் பொருள்? ரோமரை நிதானமாக இருந்தபோது எழுதினார். இதற்கு மேல் இதில் விளக்கம் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: ஏட்டுக்கட்டு

தங்கை, இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியை என் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த அக்காவைப் போல ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோபம் உண்டு, தம்பி ஜோயல் சொல்வது சரி. பவுலின் மற்றக் கடிதங்களில் வாழ்த்து முடிந்ததும் பெரும்பாலும் நன்றி வரும். பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், சண்டைக்காரக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், எல்லாவற்றிலும் அப்படித்தான். கலாத்தியரில் நன்றி வரவேண்டிய இடத்தில் சாபம் நிற்கிறது. ஆனால் கோபத்தில் நிலைதவறியவன் கடிதத்தின் மறுமுனையை இப்படிக் கட்டமாட்டான். 6:16ஐப் பாருங்கள்: “இந்தப் பிரமாணத்தின்படி நடந்துவருகிறவர்கள்” மேல் சமாதானமும் இரக்கமும் உண்டாகட்டும் என்கிறார். தலைவாசலில் நிபந்தனையோடு ஒரு சாபம், கொல்லைவாசலில் நிபந்தனையோடு ஓர் ஆசீர்வாதம். இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்பவர்களை நிறுத்துகிறார். ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் என்ற அறிஞர் 1979இல் வெளிவந்த தம் கலாத்தியர் உரையில் இந்த அமைப்பை அழுத்திக் காட்டினார்.

இந்த அமைப்பு உபாகமம் 27-28இலிருந்து வருகிறது. கெரிசீம் மலையில் ஆறு கோத்திரம், ஏபால் மலையில் ஆறு கோத்திரம். லேவியர் பன்னிரண்டு சாபங்களைச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் “ஆமென்” சொல்ல வேண்டும். அந்த ஆமெனைக் கவனியுங்கள். எதிரி நாட்டான்மீது விழும் சாபத்துக்கு அவர்கள் ஆமென் சொல்லவில்லை. ‘நான் இதைச் செய்தால் என்மேல் வரட்டும்’ என்று ஒவ்வொருவரும் தன்னையே அதற்குள் நிறுத்திக்கொள்கிறார். பவுல் கலாத்தியர் 3:10இல் எடுத்துக்காட்டுவது அந்தப் பன்னிரண்டில் கடைசிச் சாபத்தைத்தான்.

இப்போது 1:8க்குத் திரும்புங்கள். “நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது” என்று தொடங்குகிறார். சாபத்தின் முதல் இலக்கு பவுலே. எதிராளிகளின் பெயர் அங்கே இல்லை. கடிதம் முழுவதிலுமே அவர்கள் பெயர் இல்லை. பெயரைச் சொல்லிச் சபிப்பதுதான் அந்தக் காலத்துச் சாபத் தகடுகளின் வழக்கம். ஈயத் தகட்டில் எதிரியின் பெயரைக் கீறி, சுருட்டி, கிணற்றிலோ கல்லறையிலோ போடுவார்கள். பவுல் தன் பெயரை முன்னே வைத்து, எதிரியின் இடத்தை வெறுமையாக விடுகிறார். ரோமர் 9:3இல் இன்னும் தூரம் போகிறார். தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகவும் விரும்புவேன் என்கிறார். தன்மேல் எடுத்துக்கொள்ளத் துணியாத சாபத்தை அவர் யார்மேலும் வைக்கவில்லை என்றே இந்த இடங்களை நான் வாசிக்கிறேன்.

அந்தச் சாபம் எதைக் காக்கிறது என்பது அடுத்த கேள்வி. 3:13இல் கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்கிறார். இந்தக் கடிதத்தின் நெஞ்சே அந்த வசனம்தான். கலாத்தியாவுக்கு வந்த மற்ற ஊழியர்களும் கிறிஸ்துவை நம்புகிறவர்களே. ‘கிறிஸ்து மட்டும் போதாது, விருத்தசேதனமும் வேண்டும், இல்லையேல் நீங்கள் உள்ளே இல்லை’ என்று யூதரல்லாத விசுவாசிகளிடம் சொன்னார்கள். பவுல் கண்ணில் அது, இறக்கிவைத்த சாபத்தை மறுபடியும் அந்த ஜனங்களின் தோளில் ஏற்றுவது. ஆக 1:8இன் சாபம், மக்களைச் சாபத்துக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு போகிற போதகனுக்கானது. உங்கள் அக்காவை மிரட்டிய ஊழியரும் அவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இந்த வசனத்தைக் கேட்டால், பயப்பட வேண்டியவர் அந்த அக்கா இல்லை.

அந்தக் கடிதத்தைக் கேட்ட மக்களின் ஊர்ச் சூழலையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிரிகியாவில் கல்லறைகளில் சாபம் பொறிப்பது வழக்கம். இதைத் தொடுகிறவன் பிள்ளையில்லாமல் போகட்டும், நிலம் அவனுக்கு விளையாமல் போகட்டும், இப்படி. “உங்களை மயக்கினவன் யார்?” என்று 3:1இல் பவுல் கேட்பது கண்ணேறு வைப்பதைக் குறிக்கும் பேச்சு. அவர்களும் உங்கள் அக்காவைப் போலப் பயந்து வாழ்ந்தவர்களே. பின்னால் 3ஆம் நூற்றாண்டில் அதே பிரிகியாவில் எவ்மேனியா என்ற ஊரைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள் கல்லறையில் வேறு மாதிரி பொறித்தார்கள்: இதைத் தொடுகிறவன் “தேவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டும்”, அவ்வளவுதான். பிள்ளை சாகட்டும், நிலம் காயட்டும் என்ற பட்டியல் அதில் கிடையாது. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட்டு எழுதுகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த வாசகம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ரோமர் 12:14 பேசுவது வேறு ஆளைப் பற்றி: “உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை”. வெளியிலிருந்து அடிக்கிறவனை. இந்த இடத்தில் ஆதிச் சபையின் எழுத்துகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. லூக்கா 6:28, 1 கொரிந்தியர் 4:12, 1 பேதுரு 3:9, திதாகே என்ற பழைய சபை ஒழுங்கு நூலின் முதல் அதிகாரம், பிலிப்பியருக்குச் சிமிர்னா ஆயர் பாலிகார்ப் எழுதிய கடிதம், எல்லாவற்றிலும் இதே கட்டளை. இது எவ்வளவு புதுமை என்று தெரிய, சவக்கடலோரம் கும்ரானில் கிடைத்த பழைய யூதச் சுருள்களைப் பாருங்கள். 1947இல் முதல் குகையில் கிடைத்த சமூக ஒழுங்குச் சுருளில், உடன்படிக்கைக்குள் வரும் சடங்கு இருக்கிறது. ஆசாரியர்கள் தேவனுடைய பங்கினரை ஆசீர்வதிக்க, லேவியர்கள் பெலியாளின் (சாத்தானின்) பங்கினரைச் சபிக்கிறார்கள். எண்ணாகமம் 6இன் ஆரோனிய ஆசீர்வாதத்தை வரிவரியாகத் திருப்பிப்போட்டு, ‘நீ கூப்பிடும்போது தேவன் உனக்கு இரங்காதிருப்பாராக’ என்கிறார்கள். எல்லாரும் “ஆமென், ஆமென்” என்கிறார்கள். ஞானஸ்நானத்தின்போது வெளியாரை இப்படிச் சபிக்கிற பகுதி திதாகேயில் இல்லை.

இன்னொன்று. அந்தக் கிறிஸ்தவர்களுக்குச் சபிப்பது நீதிமன்றத்தில் வந்த சோதனை. ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார்: தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல என்று சொன்னவர்களைத் தேவர்களை வேண்டச் சொன்னேன், பேரரசரின் சிலைக்குமுன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொன்னேன், கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னேன், உண்மையான கிறிஸ்தவர்களை இவற்றில் எதையும் செய்யவைக்க முடியாதாம். சிமிர்னாவில் பாலிகார்ப்பிடமும் அதைத்தான் கேட்டார்கள்: கிறிஸ்துவை இகழ்ந்து சொல், விட்டுவிடுகிறேன். 86 ஆண்டுகள் சேவித்தேன், எப்படிப் பழிப்பேன் என்றார் அவர். அன்று ஒரு சாபத்தைச் சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம். சொல்ல மறுத்துச் செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நூல்களை நகலெடுத்தார்கள்.

பதில்: மயிலைவாசி

ஐயா எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஆனால் ஒரு கேள்வி. நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன். புனித தோமாவின் பெயரில் வழங்கும் ‘தோமா பணிகள்’ நூலை எங்கள் பகுதியில் பலருக்கும் கேள்விஞானமாகவாவது தெரியும். 3ஆம் நூற்றாண்டில் எதேசாப் பக்கம் சிரியாக் மொழியில் உருவான நூல். அதில் இந்தியாவுக்கு வரும் வழியில் ஓர் அரசனின் மகள் திருமண விருந்து. பானம் பரிமாறுகிறவன் தோமாவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் என்ன சொல்கிறார்? ‘என் கடவுள் மறுமையில் உன்னை மன்னிப்பார், இம்மையில் என்னை அடித்த கையை நாய்கள் இழுத்துச் செல்வதைக் காண்பேன்.’ அவன் தண்ணீர் எடுக்கப் போகிறான், சிங்கம் கிழிக்கிறது, ஒரு கறுப்பு நாய் அவன் வலக்கையைக் கவ்விக்கொண்டு விருந்து மண்டபத்துக்குள்ளேயே வருகிறது!

‘தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி’ இன்னும் மோசம். தேங்கிய தண்ணீரைக் கலைத்துவிட்ட சிறுவனை ஐந்து வயது இயேசு சபிக்க, அவன் மரம்போல் பட்டுப்போகிறான். தோளில் மோதிய இன்னொரு சிறுவன் செத்து விழுகிறான்.

திருத்தூதர் பணிகளிலேயே, பணத்தை மறைத்துப் பொய் சொல்லிப் பேதுருவின் முன் செத்து விழுந்த அனனியாவும் சப்பிராவும் இல்லையா? வெளியில் அடிக்கிறவனைச் சபிப்பதில்லை என்ற உங்கள் எல்லைக்கோடு இங்கே எங்கே போயிற்று?

பதில்: ஏட்டுக்கட்டு

நல்ல கேள்வி, மயிலைவாசி. அந்தக் கோடு எல்லாக் காலத்திலும் நின்றது என்று சொல்ல மாட்டேன். அது அழிந்துபோன இடங்களை மறைத்தால் தங்கைக்கும் அந்த அக்காவுக்கும் நான் உண்மையாக இருக்க முடியாது.

அனனியா கதை என்னைக் கலங்கடிக்கிறது. அதில் பேதுரு அனனியாவைச் சபிக்கவில்லை, குற்றத்தை வெளிப்படுத்துகிறார், அவன் விழுகிறான், என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இலக்கணப்படி அது சரி. சப்பீராளிடம், “உன் புருஷனை அடக்கம்பண்ணினவர்கள் வாசற்படியிலே வந்திருக்கிறார்கள், உன்னையும் வெளியே கொண்டுபோவார்கள்” என்று சொல்லும்போது அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. மனந்திரும்ப அவளுக்கு இடமே தரப்படவில்லை.

ஆனால் அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் லூக்கா எழுதுவதையும் பாருங்கள். மந்திரவாதி சீமோனிடம் பேதுரு “உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது” என்கிறார். சரியான சாபம். உடனே, மனந்திரும்பி வேண்டிக்கொள் என்கிறார். சீமோன், எனக்காக நீங்களே வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறான். கதை அங்கே திறந்தபடி நிற்கிறது. பாப்போ பட்டணத்தில் எலிமா என்ற மந்திரவாதியைப் பவுல் குருடாக்கும்போதும் ‘சிலகாலம்’ என்று வரம்பு வைக்கிறார். லூக்கா 9இல் யாக்கோபும் யோவானும் சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கேட்டபோது இயேசு திரும்பி அவர்களை அதட்டுகிறார். இந்த எழுத்தாளருக்குச் சாபத்தின் ருசியும் தெரியும், ஆபத்தும் தெரியும். அவர் நூலுக்குள்ளேயே அந்த இழுபறி நடக்கிறது.

தோமா கதையைப் பற்றிப் பழைய சபையின் ஆயர் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். மானி என்பவரைப் பின்பற்றிய மானிகேயர்கள் பழைய ஏற்பாட்டுத் தண்டனைகளைக் கண்டித்துக்கொண்டே இந்தக் கதையைப் போற்றி வாசித்தார்கள். அந்த முரண்பாட்டை அவர்களிடமே எடுத்துக்காட்டுகிறார். அந்த நூல் சபையின் நியமனத்தில் இல்லை என்பதையும் சொல்கிறார். அவர் வாதத்துக்கு அது போதும். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று உறுத்துகிறது. மறுகன்னத்தைக் காட்டு என்ற கட்டளையை நன்கு அறிந்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார். ‘மறுமையில் மன்னிப்பார்’ என்ற வரி அதனால்தான் அங்கே இருக்கிறது. மன்னிப்பையும் சொல்லியாகிவிட்டது, கேட்பவர்களுக்குச் சிங்கத்தையும் காட்டியாகிவிட்டது. விருந்தில் குழலூதிய எபிரேயப் பெண் அந்தக் கையைப் பார்த்ததும் குழலை உடைத்துப்போட்டு அப்போஸ்தலன் காலடியில் உட்காருகிறாள். சாபம் பலித்ததே அங்கே அத்தாட்சி. சாபத்தைத் தன் அதிகாரத்துக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் இப்படிப்பட்ட கதைகளில்தான் வளர்கிறது. குழந்தைப்பருவக் கதையிலாவது, ஊர்க்காரர்கள் பயந்து முறையிடுகிறார்கள், யோசேப்பு பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகுகிறார், கடைசியில் சபிக்கப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

பெரிய திருப்பம் 4ஆம் நூற்றாண்டில். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், தேவகுமாரனைப் பற்றி ‘அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது’ என்று சொல்கிறவர்களைச் சபை சபிக்கிறது என்ற வரியோடு விசுவாசப் பிரமாணத்தை முடித்தது. (இன்று ஆராதனையில் சொல்லும் வடிவத்தில் அந்த வரி இல்லை.) அதே நூற்றாண்டில் கங்ரா சங்கம் கூடி 20 விதிகள் எழுதியது, ஒவ்வொன்றும் அனத்தேமாவோடு (‘சபிக்கப்பட்டவன்’ என்பதற்கான கிரேக்கச் சொல்) முடியும். முதல் விதி எனக்குச் சரியாகவே படுகிறது: திருமணத்தை இழிவாகப் பேசுகிறவன்மேல் சாபம். கடுந்துறவிகளிடமிருந்து சாதாரணக் குடும்பத்தாரைக் காத்த விதி அது. ஆனால் மூன்றாம் விதி, எஜமானை அவமதித்து விலகிப்போகும்படி அடிமைக்குப் பக்தியின் பெயரால் போதிக்கிறவனையும் சபிக்கிறது. பதினேழாம் விதி, துறவுக்காகத் தலைமுடியை வெட்டிக்கொள்ளும் பெண்ணைச் சபிக்கிறது. பவுலின் அதே வார்த்தைதான். “நாங்களாவது” என்ற சொல் மட்டும் இந்த விதிகளில் எங்கும் இல்லை. மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆயர்கள் தங்களைச் சாபத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சபிக்கிறார்கள். சாபம் அதிகாரத்தின் கருவியான இடம் இது, இதை நான் துக்கத்தோடு வாசிக்கிறேன்.

யூதர்களுக்கு எதிரான எழுத்திலும் இதே சறுக்கல். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் யூதர்களிடம், உங்கள் ஜெப ஆலயங்களில் எங்களைச் சபிக்கிறீர்கள் என்று குற்றஞ்சாட்டுகிறார், ஆனால் உடனே ‘நீங்கள் எங்கள் சகோதரர்கள்’ என்றும் சொல்கிறார். 386-387இல் அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் என்ற போதகர் யூதர்களுக்கு எதிராகச் செய்த பிரசங்கங்களில் அந்தச் சகோதரர்கள் காணாமற்போய்விட்டார்கள்.

பதில்: தாமிரபரணிக்கரை

ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. “நாங்களாவது” என்ற சொல்லை எத்தனையோ முறை வாசித்தும் கவனிக்காமல் போயிருக்கிறேன். அந்த அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அவர் கேட்ட கேள்வியையே இங்கே வைக்கிறேன். லூக்கா 6இல் இயேசுவே “ஐசுவரியவான்களாகிய உங்களுக்கு ஐயோ” என்கிறாரே, அது சாபம் இல்லையா? வெளிப்படுத்தல் 22:18-19இல் புத்தகத்தோடு எதையாவது கூட்டினால் வாதைகள் கூட்டப்படும் என்பதைத்தான் அந்த ஊழியர் அடிக்கடி சொல்வாராம். அது?

பதில்: ஏட்டுக்கட்டு

லூக்கா 6இல் நான்கு பாக்கியமும் நான்கு ஐயோவும் எதிரெதிரே நிற்கின்றன: தரித்திரர் - ஐசுவரியவான்கள், பசி - திருப்தி, அழுகை - நகைப்பு, பகை - புகழ்ச்சி. இந்த ‘ஐயோ’ தீர்க்கதரிசிகளிடமிருந்து வருகிறது, அவர்களுக்கு அது இழவு வீட்டிலிருந்து வந்தது. எரேமியா 22:18இல், “ஐயோ! என் சகோதரனே” என்று அந்த ராஜாவுக்காகப் புலம்பமாட்டார்கள் என்று வருகிறதே, அந்தப் புலம்பலின் குரல். உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து அவனுக்கான ஒப்பாரியை முன்கூட்டியே பாடுவதுதான் தீர்க்கதரிசியின் உத்தி. சாபத்தில் ஒருவனுக்குக் கேடு வரட்டும் என்ற விருப்பம் இருக்கும். ஐயோவில் அவன் போகும் பாதை எங்கே முடிகிறது என்ற அறிவிப்பு இருக்கிறது, கூடவே வலியும். அடுத்த மூச்சிலேயே, 6:28இல், உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்று லூக்கா வைக்கிறார். இடைவெளி இரண்டே வசனம். மத்தேயு 23இன் ஐயோக்கள் இதைவிடக் கடுமை, ஆனாலும் “எருசலேமே, எருசலேமே” என்ற அழுகையில்தான் அவை முடிகின்றன.

வெளிப்படுத்தல் 22:18-19 நகலெடுப்பவர்களும் வாசகர்களும் வாசகத்தைச் சிதைக்காமல் இருக்கப் போட்ட காவல். பழங்கால நூல்களில் இது வழக்கம்தான். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் தந்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதை மாற்றுகிறவன்மேல் சாபம் கூறப்பட்டதாக அரிஸ்தேயாவின் கடிதம் சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டு ஆயர் இரேனேயு தம் நூலொன்றின் இறுதியில், இதை நகலெடுக்கிறவனே, நம் ஆண்டவர்மேல் ஆணையாகக் கேட்கிறேன், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்து, இந்த ஆணையையும் சேர்த்து எழுது, என்று வேண்டிக்கொள்கிறார். சபை வரலாறு எழுதிய எவ்சேபியு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஒரு குடும்பம் எந்தச் சபைக்குப் போகிறது என்பதற்கும் இந்த வசனங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே புத்தகத்தில் ஏழு பாக்கியங்கள் இருக்கின்றன, முதல் பாக்கியம் 1:3இல், அதை வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும். 22:3இல் “இனி ஒரு சாபமுமிராது” என்றும் இருக்கிறது. அந்த ஊழியர் அதையும் வாசித்திருக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு நீதிமொழிகள் 26:2ஐக் காட்டுங்கள்: “காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது.” யூதா 9ஐயும் காட்டுங்கள். பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், “கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக” என்று மட்டும் சொன்னான். பிசாசிடமே அவ்வளவு அடக்கம் காட்டப்பட்டிருக்க, காய்ச்சல்கார பிள்ளையின் தாயிடம் சாபத்தைப் பேசிய ஊழியருக்கு எந்த வேதத்திலிருந்து அனுமதி கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் அதிகாரத்துக்குப் போகும்முன் குழுவில் உபாகமம் 27:11-26ஐ வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் சத்தமாக ஆமென் சொல்லட்டும். கடைசி வரி வரும்போது நிறுத்தி, உடனே கலாத்தியர் 3:10-14ஐ எடுங்கள். முடிந்தால் அந்த அக்காவையே 13ஆம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். 5:12 வரும்போது அதைத் தாண்டிப்போக வேண்டாம். அங்கே பவுல் கோபத்தில் எல்லை மீறினார் என்றே நானும் நினைக்கிறேன், ஜோயல் தம்பி சொன்னதில் அந்த அளவு உண்மை இருக்கிறது.